பழைய ப்ரூனெல்லோ பாட்டிலைத் திறப்பதற்கு முன்

பழைய சிவப்பு ஒயினில் ஏமாறுகிறவர்கள் இரண்டு வகை. நல்ல பாட்டிலைக் கெட்டுவிட்டது என்று கொட்டுகிறவர்கள் ஒரு வகை. கெட்டதை ‘வயசாகிவிட்டால் இப்படித்தான்’ என்று பயபக்தியோடு குடிப்பவர்கள் இன்னொரு வகை. இத்தாலியின் டஸ்கனி பகுதியில், மோந்தல்சீனோ என்ற ஊரில் செய்யப்படும் சிவப்பு ஒயினான ப்ரூனெல்லோ தி மோந்தல்சீனோ விஷயத்தில் இரண்டுமே நடக்கும்.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதுதான் முதல் தவறு. ப்ரூனெல்லோவைச் சாஞ்சியோவேசே திராட்சையில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தத் திராட்சைக்குச் சாயம் குறைவு. வயது கூடக் கூட ஒயினின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வரும். அது இயல்பு. மூக்கை நம்புங்கள். உலர்ந்த செர்ரி, தோல், புகையிலை வாசம் வந்தால் சரி. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கோளாறு. காடி நெடி தூக்கலாக அடித்தால் எத்தனை வருடப் பாட்டிலானாலும் சலுகை காட்ட வேண்டாம்.

அடுத்து கார்க். பழைய பாட்டிலில் புது கார்க்கைப் பார்த்ததும் போலி என்று முடிவுகட்டுவார்கள். பியோண்டி சாந்தி குடும்பம் வளர்த்தெடுத்த, மோந்தல்சீனோவின் கிரெப்போ எஸ்டேட் கதை தெரிந்தால் அந்தச் சந்தேகம் எல்லா நேரமும் பொருந்தாது என்பது புரியும். தன் தாய்வழித் தாத்தா கிளெமென்தே சாந்தியின் நிலத்தில் தேர்ந்தெடுத்த சாஞ்சியோவேசே கொடிகளை வளர்த்து, அதை மட்டும் வைத்து நீண்ட நாள் நிற்கும் ஒயினைச் செய்தவர் ஃபெருச்சோ பியோண்டி சாந்தி. அவருடைய 1888 பாட்டில்கள் இன்றும் பேசப்படுகின்றன. பல பத்தாண்டுகளில் கார்க் வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவர் மகன் தன்க்ரெதி 1927-இல் பழைய ரிசெர்வா (கூடுதல் காலம் முதிரவிட்ட ஒயின்) பாட்டில்களைத் திறந்து, அந்தந்தப் பாட்டிலின் அறுவடை ஆண்டு ஒயினாலேயே நிரப்பி, புது கார்க் அடைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அதனால் கார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். நிரப்பியதற்கான எஸ்டேட் சான்று இருக்கிறதா, பாட்டில் இதுவரை எங்கே, எப்படி இருந்தது என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

திறந்தவுடன் டிகான்டரில் (ஒயினை ஊற்றி வைக்கும் அகன்ற கண்ணாடிக் குடுவை) சடசடவென்று கவிழ்ப்பது அடுத்த தவறு. தன்க்ரெதியின் மகன், 2013-இல் மறைந்த ஃப்ராங்கோ பியோண்டி சாந்தி அதை விரும்பியதே இல்லை. சுமார் எட்டு மணி நேரம் முன்பே திறந்து, மட்டம் பாட்டிலின் தோளுக்கு இறங்கும்வரை கொஞ்சம் ஊற்றி எடுத்துவிட்டு, அப்படியே விடச் சொல்வார். குறுகிய கழுத்தைவிடத் தோளில் பரப்பு அதிகம், காற்று மெதுவாகப் படும். ஊற்றி எடுத்ததை யார் குடிப்பது என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாதீர்கள்.

‘அறை வெப்பநிலை’ என்பதை நம்பி வெயில் ஊரில் மேஜைமேல் வைத்தால் ஆல்கஹால்தான் முன்னே நிற்கும். 18 டிகிரி போதும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். மோந்தல்சீனோ போலவே ஒலிக்கும் மோந்தெபுல்சானோவின் வீனோ நோபிலே வேறு ஊர், வேறு ஒயின். ப்ரூனெல்லோ அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும், ரிசெர்வா இன்னும் ஓராண்டு கழித்து. வந்த சூட்டில் திறந்தால் நாக்கைக் கவ்வும் துவர்ப்புதான் மிஞ்சும். இந்த வாரமே குடிக்க வேண்டுமானால் ரோஸ்ஸோ தி மோந்தல்சீனோ வாங்குங்கள். அதே ஊர், அதே திராட்சை, விலையும் குறைவு.