ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறீர்களா? ஏஐயோடு பேசிப் பழகும்போது இதைக் கவனியுங்கள்

வீட்டுக்குக் குடிபோன 2 வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். அதற்கு ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இல்லாமல் அது நடக்காது, முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். வரி எண் அப்புறம் தபாலில் வரும், காத்திருந்தால் போதும். மீதியை உங்கள் கம்பெனியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது மொழியைப் பற்றி.

சென்னை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் இரண்டாம் நிலையான ஏ2 முடித்துவிட்டு ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தேன். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான். அதனால் தினமும் ராத்திரி சமைத்துக்கொண்டே போனில் ஏஐயோடு ஜெர்மன் பேச ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் கூச்சம் போனது, வாக்கியம் தானாக வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் ஆயிரம் தப்பு செய்யலாம் என்பது பெரிய வசதி. அடுத்த நிலையான பி1 பேச்சுத் தேர்வுக்கும் இது நல்ல பயிற்சி. அதில் இன்னொருவரோடு சேர்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட்டுப் பேச வேண்டும், அந்த இன்னொருவராக ஏஐயை வைத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். ஆகவே பேசாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதை நம்பி ஒரு வீட்டை இழந்தேன்.

இந்தப் பக்கம் வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வந்த முதல் மாதமே உங்களுக்குத் தெரிந்துவிடும். நாற்பது இடத்துக்கு எழுதியதில் ஒரு வயதான அம்மா போன் செய்தார். வியாழக்கிழமை ‘ஹால்ப் ஸீபென்’ மணிக்கு வந்து பாருங்கள் என்றார். ‘ஹால்ப்’ என்றால் அரை, ‘ஸீபென்’ என்றால் ஏழு. ஏழரை என்று காலண்டரில் குறித்துக்கொண்டேன். முழு ஜெர்மனில் பேசி முடித்த முதல் போன் அதுதான். மனைவியிடம் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா!

பத்து நிமிடம் முன்னதாகவே, 7:20க்குப் போய் மணி அடித்தேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டி, ஹால்ப் ஸீபென் என்றுதானே சொன்னேன் என்றார். நானும் ஆமாம், ஹால்ப் ஸீபென் என்றேன். இரண்டு பேரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு நின்றோம். அவர் சொன்னது ஆறரை. 6:30க்கு வந்த ஒரு தம்பதிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார். தெற்குப் பார்த்த பால்கனி உள்ள வீடு. கறிவேப்பிலைச் செடி வைக்க மனைவி இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள், விளம்பரப் படத்திலேயே. அதற்கப்புறம் நான்கு மாதம் ஒற்றை அறையில் கிடந்தோம்.

நாம் முடிந்த மணியின் மேல் கூட்டிச் சொல்கிறோம்: ஆறேகால், ஆறரை, ஆறேமுக்கால். அவர்கள் வரப்போகிற மணியை வைத்துச் சொல்கிறார்கள். ஏழாவது மணியில் பாதி போய்விட்டது, ஆகவே அரை ஏழு. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, ‘ட்ரைஃபியர்டெல் ஸீபென்’. முக்கால் ஏழு என்று கேட்கும், அதன் அர்த்தம் 6:45. கிழக்கு ஜெர்மனியில் ‘ஃபியர்டெல் ஸீபென்’ என்றால் 6:15. தமிழ்க் காதுக்கு இவை ஒவ்வொன்றும் சரியாக ஒரு மணி நேரம் தள்ளி விழும்.

மூன்று மாதம் பேசிய ஏஐ இதை ஏன் பிடிக்கவில்லை? அன்று ராத்திரி பழைய உரையாடல்களை உட்கார்ந்து படித்தேன். அது நேரம் சொன்ன இடத்திலெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பதினெட்டு மணி முப்பது என்றே சொல்லியிருக்கிறது. நான் ஒரு தடவை ஏழரையை நினைத்து ‘ஹால்ப் ஸீபென்’ என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் ‘அருமை, அப்போது சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டது. வாக்கியத்தில் பிழை இல்லையே. என் மனதில் என்ன மணி இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அது எங்கேயும் கதவைத் திறந்துகொண்டு எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

உச்சரிப்பிலும் இதே கதைதான். தோட்டத்துக்கும் டிக்கெட்டுகளுக்கும் ஜெர்மனில் இருக்கிற இரண்டு சொற்களையும் தமிழில் எழுதினால் ஒரே ‘கார்டென்’. முதல் எழுத்து மட்டும் தோட்டத்தில் ஆங்கில g மாதிரியும் டிக்கெட்டில் k மாதிரியும் ஒலிக்கும். நாம் குழப்பிச் சொன்னாலும் ஏஐ இடம் பார்த்து ஊகித்து, திரையில் சரியாக எழுதிவிடும். நாம் சரியாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொள்வோம். கடைக்காரர் அப்படி ஊகிக்க மாட்டார்.

அதனால் பேச ஆரம்பிக்கும் முன்பே அதற்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், தமிழிலேயே சொல்லலாம்: நீ வீட்டுக்காரர், அவசரத்தில் போன் பேசுகிறாய். நேரத்தைப் பேச்சுவழக்கில் சொல். என்னை ‘ஸீ’ (நீங்கள்) என்று மரியாதையாகக் கூப்பிடு, நான் ‘டூ’ (நீ) என்று சொல்லிவிட்டால் நிறுத்து. புரியாததை ஊகிக்காதே, திருப்பிக் கேள். போனை வைத்ததும் எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தத் தெரு என்று என்னை இலக்கத்தில் எழுதச் சொல்லித் திருத்து. இந்த மாதிரிப் பத்து நாள் பேசினால், என் மூன்று மாதத்தை விடப் பயன்.

நிஜமான போனில் நேரம் சொன்னால் உடனே 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: ‘ஆல்ஸோ அஹ்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ்?’ அப்படியானால் பதினெட்டு முப்பதா என்று அர்த்தம். இங்கே யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்காரரிடம் அப்படித்தான் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அனுப்பினார், 17:45 என்று.