கார்டு கடனும் அடையணும், கையிலயும் நாலு காசு நிக்கணும்: நான் செஞ்ச முறை

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை செய்யுற தங்கச்சி ஒருத்தி மத்தியானம் சாப்பிடுற நேரத்துல மெதுவா பக்கத்துல வந்து உக்காந்து, "அக்கா, கிரெடிட் கார்டுக்கு மாசாமாசம் மினிமம் ட்யூ, அதான் பில்லுல குறைஞ்சபட்சம் இவ்ளோ கட்டணும்னு போடுற தொகை, தவறாம கட்டுறேன், ஆனா பாக்கி மட்டும் குறையவே மாட்டேங்குது, பேங்க்ல ஏதும் தப்பா போடுறாங்களா"ன்னு கேட்டா. தப்பா போடலடா, கணக்கே அப்படித்தான்னு சொன்னேன். சில வருஷம் முன்னாடி நானும் இதே இடத்துலதான் நின்னேன், 92,000 ரூபா கார்டு பாக்கி, சம்பளம் 38,000. அவளுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்ததை கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், முதல் தடவையா இதுல இறங்குறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஸ்டேட்மெண்டை திறங்க

ஆப்ல பெருசா தெரியுற நம்பரை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. மெயில்ல வர்ற பிடிஎஃப்பை திறந்து மொத்த பாக்கி எவ்ளோ, மாச வட்டி எத்தனை சதவீதம், ட்யூ டேட் (கட்ட வேண்டிய கடைசி நாள்) என்னைக்கு, ஏற்கனவே ஓடுற ஈஎம்ஐ ஏதும் இருக்கான்னு இந்த நாலையும் எழுதி வைங்க. வட்டி பெரும்பாலும் கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். நம்ம ஊர்ல நிறைய கார்டுக்கு மாசம் 3லேருந்து 3.75 சதவீதம் வரைக்கும் போடுறாங்க, அதாவது வருஷத்துக்கு 36லேருந்து 45. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

நான் அன்னைக்கு ராத்திரி தினசரி காலண்டர் தாளை கிழிச்சு பின்பக்கம் போட்ட கணக்கு இது. பாக்கி 92,000. வட்டி 3.5 சதவீதம்னா 3,220 ரூபா. அதுக்கு ஜிஎஸ்டி 580. ஆக 3,800. மினிமம் ட்யூ 5 சதவீதம், 4,600. நான் 4,600 கட்டினா அதுல 3,800 வட்டிக்கும் வரிக்குமே போயிடுது, கடன்ல குறையுறது வெறும் 800 ரூபா. அந்த 800ஐ எழுதி சுத்தி வட்டம் போட்டுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், ஏன்னா அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷமா நான் கடனை அடைச்சுட்டு இருக்கேன்னுதான் நம்பிட்டு இருந்தேன்.

உங்க நம்பரை வச்சு இதே கணக்கை கையால போட்டுப் பாருங்க. ப்ளீஸ், ஆப்ல போடாதீங்க, கையால போட்டாத்தான் மனசுல இறங்கும்.

கார்டை எடுக்குறதை நிறுத்துங்க, இதுல நிறைய பேருக்கு ஒரு விஷயம் தெரியாது

கார்டுக்கு 45 நாள், 50 நாள் வட்டி இல்லாத டைம் இருக்குன்னு நாம எல்லாரும் நினைச்சுட்டு இருக்கோம். அது போன மாச பில்லை முழுசா கட்டினவங்களுக்கு மட்டும்தான். பழைய பாக்கி கொஞ்சம் நின்னாலும் அந்த சலுகை போயிடும், நீங்க இன்னைக்கு மளிகைக்கு தேய்க்கிற 1,200 ரூபாய்க்கு இன்னைலேருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். நான் பால், மளிகை, பெட்ரோல் எல்லாத்தையும் கார்டுல போட்டுட்டு, கையில இருக்குற காசை வச்சு மினிமம் கட்டிட்டு இருந்தேன், அதாவது அரிசி பருப்பையும் வருஷம் 42 சதவீத வட்டிக்கு வாங்கித் தின்னுட்டு இருந்திருக்கேன்.

அதனால சாப்பாடு ஆர்டர் பண்ற ஆப், ஷாப்பிங் ஆப், மாசாமாசம் தானா காசு எடுக்குற சந்தா எல்லாத்துலேருந்தும் கார்டை நீக்குங்க. பேங்க் ஆப்லயே ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் பண்ற வசதி இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. கார்டை வச்சு ஏடிஎம்ல பணம் எடுக்கவே எடுக்காதீங்க, அதுக்கு எடுத்த நாள்லேருந்து வட்டி, கட்டணம் வேற. பாக்கி அடையுற வரைக்கும் கார்டு பீரோவுல, துணிக்கு அடியில இருக்கட்டும்.

சம்பளம் வந்த அன்னைக்கே பிரிச்சு வைக்கணும்

என் கணக்கு இப்படி இருந்துச்சு. வாடகை 9,000, மளிகை பால் காய்கறி 8,500, கேஸ் கரண்ட் போன் நெட் எல்லாம் சேர்த்து 2,500 (கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும், ஆனா மாசாமாசம் பாதியை எடுத்து வச்சுடுங்க), வண்டிக்கு 2,500, ஊர்ல அம்மாவுக்கு 3,500. மொத்தம் 26,000. மிச்சம் 12,000.

இந்த 12,000ஐ முழுசா கார்டுல போட்டுடலாம்னுதான் எல்லாருக்கும் தோணும், 42 சதவீத வட்டியில கடன் இருக்கும்போது சேமிப்பு எதுக்குன்னு நானும் அதைத்தான் செஞ்சேன். ரெண்டு மாசம் நல்லா போச்சு. மூணாவது மாசம் வண்டிக்கு பின் டயரும் பேட்டரியும் ஒண்ணா போச்சு, 4,200 ரூபா, அதே வாரம் பெரியப்பா பொண்ணு கல்யாணம், மொய் வைக்காம போக முடியுமா, கையில ஒத்த ரூபா இல்ல, பீரோவைத் திறந்து கார்டை எடுத்துட்டேன். ஒரு தடவை எடுத்தா அடுத்த தடவை கை கூசாது. அந்த மாசம் கார்டுல மறுபடி ஏறின 9,000ஐ யோசிச்சு நான் அழுதேன்.

அப்புறம் மாத்தினது: கார்டுக்கு 9,000, அவசரத்துக்கு 1,500, எனக்கு 1,500.

அவசரக் காசை ஜிபே இணைக்காத வேற ஒரு அக்கவுண்ட்ல போடுங்க, போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் அக்கவுண்ட் நல்லா சரிப்படும். மாசாமாசம் ஒரே தொகை போட்டுட்டு வர்ற போஸ்ட் ஆபீஸ் ஆர்டி நல்ல திட்டம்தான், மாசம் 100 ரூபாலயே ஆரம்பிக்கலாம், ஆனா அது 5 வருஷத்துக்கு, 3 வருஷம் முடியாம மூட முடியாது, அதனால அவசரத்துக்கு ஆகாது. 15,000 சேர்ந்ததும் நிறுத்திட்டு அந்த 1,500ஐயும் கடன் பக்கம் திருப்பிடுங்க. வருஷ ஆரம்பத்துலயே காலண்டர்ல முகூர்த்த நாளைப் பாத்து, ஆவணியிலயும் தையிலயும் நம்ம வீட்டு ஆளுங்க கல்யாணம் எத்தனை வரும்னு எண்ணி மொய்க்கும் எழுதி வைங்க. கல்யாணம் திடீர்னு வராது, பத்திரிகைதான் திடீர்னு வரும்.

சீட்டு கட்டுறவங்க ஏலச் சீட்டை பாதியில விட்டா நஷ்டம், அதனால தொடருங்க, சீட்டு எடுத்ததும் அதை அப்படியே கார்டுல கட்டிடுங்க. புதுசா நகைச் சீட்டோ தீபாவளிச் சீட்டோ இப்ப சேர வேண்டாம்.

எனக்குன்னு வச்ச 1,500 பத்தி வீட்ல சண்டையே வந்துச்சு, கடனை வச்சுட்டு செலவான்னு. நான் அதை விடல. நூறு ரூபா நோட்டா எடுத்து ஒரு கவர்ல போட்டு வச்சுக்குவேன், வெள்ளிக்கிழமை பூ, சாயங்காலம் டீயும் பஜ்ஜியும், மாசம் ஒரு சினிமா, எதுக்கு செலவு பண்ணேன்னு எழுத மாட்டேன், யாருக்கும் கணக்கும் சொல்ல மாட்டேன். கவர் காலியானா அந்த மாசம் அவ்ளோதான். ஒண்ணுமே இல்லாம வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இருந்தா அஞ்சாவது மாசம் ஒரே நாள்ல 6,000 ரூபாய்க்கு துணி எடுத்துட்டு வந்து நிப்போம், அதையும் நான் பாத்திருக்கேன்.

9,000ஐ ட்யூ டேட் வரைக்கும் வச்சுக்காதீங்க. வட்டி நாள் கணக்குல ஓடுது, 1ஆம் தேதி சம்பளம்னா 1ஆம் தேதியே கட்டுங்க. ட்யூ டேட் சம்பளத்தோட ஒத்து வரலைன்னா பில்லிங் சைக்கிளை (மாசாமாசம் பில் போடுற தேதியை) மாத்தச் சொல்லிக் கேளுங்க, ஒரு தடவையாவது மாத்திக் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு.

வட்டியைக் குறைக்க வழி இருந்தா குறைங்க

இப்படி மாசம் 9,000 கட்டினா 92,000 அடைய சுமார் 14 மாசம் ஆகும். மூணு மாசம் ஒழுங்கா கட்டி, கார்டை தொடாம இருக்க முடியுதுன்னு எனக்கே நம்பிக்கை வந்தப்புறம், 3 பவுன்ல இருந்த என் ரெண்டு வளையலை எடுத்துட்டு கூட்டுறவு பேங்குக்கு போனேன். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லுல ஒரு கோடு இழுத்து, சொட்டு ஆசிட் விட்டுப் பாத்து, சின்ன தராசுல வச்சாரு. அரை மணி நேரத்துல 75,000 கையில. வருஷ வட்டி 9.5 சதவீதம், அதாவது மாசம் 600 ரூபா கிட்ட, கார்டுல அதே தொகைக்கு 3,000க்கு மேல போயிருக்கும். கார்டை அன்னைக்கே அடைச்சுட்டு, அதே 9,000ஐ நகைக்கடன்ல மாசாமாசம் கட்டினேன், மறுபடி ஒம்போது மாசத்துல வளையல் வந்துடுச்சு. இடையில இடையில கட்டலாமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

நகை இல்லைன்னா பாக்கியை ஈஎம்ஐயா மாத்தித் தரச் சொல்லி பேங்க்ல கேளுங்க, வட்டி கார்டு வட்டியை விட நல்லாவே குறையும், ப்ராசஸிங் ஃபீ எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு ஒத்துக்கோங்க. ஆனா கார்டை நிறுத்தாம இதுல எதையும் செய்யாதீங்க, நகையும் அடகுல இருக்கும் கார்டும் மறுபடி நிரம்பும், அது ரெட்டைக் கடன்.

ரெண்டு மூணு கார்டு இருந்தா எல்லாத்துக்கும் மினிமம் கட்டிட்டு, அதிக வட்டி உள்ளதுல மிச்சத்தைப் போடுங்க.

ஏற்கனவே கட்ட முடியாம போயிடுச்சுன்னா போனை எடுக்காம ஒளிய வேண்டாம். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது, மிரட்டவும் கூடாது. பேங்க்ல எழுத்துல புகார் கொடுங்க, 30 நாள்ல பதில் வரலைன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட இலவசமா போகலாம். செட்டில்மெண்ட் பண்ணா பாதி கட்டினா போதும்னு சொல்லுவாங்க, அது நம்ம கடன் வரலாறு பதிவாகுற சிபில் ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு வருஷக்கணக்கா நிக்கும், பின்னாடி வீட்டு லோனுக்கு அது இடிக்கும், வேற வழியே இல்லாதப்போ மட்டும் யோசிங்க.

முழுசா கட்டினப்புறம் ஒரு பில் வரும்

நான் முழுசா அடைச்ச அடுத்த மாசம் 1,800 சொச்சத்துக்கு ஒரு பில் வந்துச்சு, பதறிட்டேன். பில் போட்ட நாள்லேருந்து நாம கட்டின நாள் வரைக்கும் ஓடின வட்டி அது, அடுத்த பில்லுலதான் ஏறும். அதைப் பாக்காம விட்டா லேட் ஃபீ விழுந்து மறுபடி ஆரம்பிக்கும். அதையும் கட்டி, அதுக்கு அடுத்த பில் ஜீரோன்னு வர்றதைப் பாத்த பிறகுதான் கார்டை வச்சுக்கிறதா மூடுறதான்னு முடிவு பண்ணணும். மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தா, பாக்கி இல்லாத பட்சத்துல 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபா அவங்க நமக்குத் தரணும். நான் மூடல, முழு பில்லுக்கும் ஆட்டோ பே போட்டு, லிமிட்டை 30,000மா குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டேன்.