சமயவியலை மேஜராக எடுக்கும் மலைநாட்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பல துறைப் பாடங்களையும் கலந்து கற்பிக்கும் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றுக்குச் சென்று, சமயங்களை ஆராயும் சமயவியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, படிக்கப்போவதாக ஒரு மாணவர் வீட்டில் சொன்னால், எழும் முதல் கேள்வி ‘சாமியாராகப் போகிறாயா?’ என்பதாகத்தான் இருக்கும். பெரியவர்கள் குழம்புவது இயல்பு. மாணவரும் சேர்ந்து குழம்புவதுதான் முதல் தவறு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் ஏசு சபையினர் 1895-இல் நிறுவிய திருஇருதயக் கல்லூரி துறவிகளை உருவாக்குவதற்காக எழுந்தது; சமயவியல் துறையின் வேலை அதுவன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல், அரசுப் பள்ளிகளில் வழிபாடாகப் பைபிள் வாசிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோதே, சமயத்தைக் கல்விப் பொருளாக ஆராய்வதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. அங்கே சமயவியல் துறைகள் பெருகியதற்கு அந்த வேறுபாடு பெரிதும் உதவியது. எனவே சேர்க்கைக் கட்டுரையில் தம் பக்தியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவது பயன் தராது. ஒரு நம்பிக்கை எப்படி உருவாகிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கத் தெரிந்திருப்பதைக் காட்டுவதே பொருத்தம்.

பழனித் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை சென்ற அனுபவம் இருப்பதால் இந்து சமயப் பாடத்தில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறே. தெரிந்த சமயத்தைப் பற்றி எழுதும்போதுதான் ‘எல்லோரும் அறிந்ததே’ என்று ஆதாரம் காட்டாமல் கடந்துபோகத் தோன்றும். பல சமயவியல் துறைகள் வேறு சமய மரபுகளிலும் பாடம் படிக்கச் சொல்வது இதனால்தான்.

மொழியைத் தள்ளிப்போடக் கூடாது. சமஸ்கிருதமோ அரபியோ கிரேக்கமோ கைவர ஆண்டுகள் பிடிக்கும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் இறுதியாண்டு ஆய்வுக்கு உதவாது. தமிழ் படிக்கத் தெரிந்திருப்பதைத் தகுதியாகவே கருதாமல் விண்ணப்பத்தில் விட்டுவிடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது!

இவற்றையெல்லாம்விட ஆழமான தவறு, சமயம் என்றாலே புனித நூலும் கோட்பாடும் என்று கொள்வது. உதகைக்கு அருகிலுள்ள தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) கோயிலாக விளங்குவது பால்மனை. பூசாரியே எருமைகளைக் கறந்து, மோர் கடைந்து, வெண்ணெய் எடுக்கிறார். எந்தப் பாத்திரம் உள்ளறைக்குரியது, எது வெளியறைக்குரியது என்பதில்கூடக் கண்டிப்பு உண்டு. இதில் ஓதுவதற்கு ஏட்டு வேதம் இல்லை. நூலைத் தேடிப் பழகிய மாணவர் இதைப் ‘பழங்குடி வழக்கம்’ என்று அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டால், சமயத்தின் பெரும்பகுதி அவர் கண்ணிலேயே படாது. கோத்தகிரி அருகிலுள்ள பேரகணிக்கு வெள்ளை உடையில் நடந்து செல்லும் நீலகிரிப் படுகர் சமூகத்தினரின் ஹெத்தை வழிபாட்டை ‘இன்னொரு அம்மன் திருவிழா’ என்று சுருக்குவதும் இதே வகைதான்; அங்கே வணங்கப்படுபவர் மூதாதையுமாவார் என்பது அந்தச் சுருக்கத்தில் காணாமற்போகிறது.

இதை ஒட்டியே இன்னொன்று. தோடர்களைப் பற்றி ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் அவர் களப்பணி செய்தது 1901, 1902-ஆம் ஆண்டுகளில், சில மாதங்கள், மொழிபெயர்ப்பாளர் துணையுடன். அதிலிருந்து எடுத்து ‘தோடர்கள் இவ்வாறு செய்கிறார்கள்’ என்று நிகழ்காலத்தில் எழுதுவது, நூறாண்டுக்கு மேற்பட்ட மாற்றங்களை ஒரே வினைமுற்றில் அழித்துவிடுகிறது. தோடர்களில் இன்று கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ரிவர்ஸ் கேட்டு எழுதியதையும், தோடர் மொழியைக் கற்றுப் பாடல்களைத் தொகுத்து மொழியியலாளர் எமனோ 1971-இல் வெளியிட்டதையும் அருகருகே வைத்துப் படித்தாலே, ஆய்வாளரின் முறை விடையை எவ்வளவு மாற்றுகிறது என்பது விளங்கும்.

இறுதியாண்டு ஆய்வுக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியை மறந்துவிடுகிறார்கள். மனிதர்களைப் பேட்டி காண்பதற்கு முன்பே அதைப் பெற வேண்டும். கேள்விப் பட்டியலையும் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தையும் குழு கேட்கலாம். திருத்தச் சொல்லித் திருப்பியும் அனுப்பலாம். ஹெத்தை திருவிழா டிசம்பர், ஜனவரி வாக்கில், அமெரிக்கக் கல்லூரி விடுமுறையை ஒட்டியே வருகிறது. செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்காதவர் விழாவுக்கு வந்து நிற்கலாம், கும்பிடலாம். ஆனால் ஒருவரிடம்கூட ஒலிப்பதிவுக் கருவியை நீட்ட முடியாது.