பழைய சிஸ்டத்துக்கு மவுஸ் வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சிஸ்டம்னு இங்க நான் சொல்றது பென்டியம் 4, கோர் 2 டியோ ப்ராசஸர் வச்ச ரகம். விண்டோஸ் எக்ஸ்பி இல்லாட்டி விண்டோஸ் 7 ஓடும், கடையில பில் போடறதுக்கோ பசங்க டைப்பிங் பழகறதுக்கோ இன்னும் உழைச்சிக்கிட்டிருக்கும். இதுக்கு மவுஸ் வாங்கப் போறவங்க நேரா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நின்னு எது நல்லாருக்குன்னு பாக்கறாங்க, இல்ல ஆன்லைன்ல ஸ்டார் எண்ணிக்கிட்டிருக்காங்க. ஆனா முதல்ல பாக்க வேண்டியது வீட்ல இருக்கற சிபியுவோட பின்பக்கத்தைத்தான். அங்க என்ன போர்ட் இருக்கு, எது வேலை செய்யுது, இதுலயே பாதி முடிவு வந்துடும்.

பின்னாடி ரெண்டு வட்டமான சாக்கெட் இருக்கும். பச்சை மவுஸுக்கு, ஊதா கீபோர்டுக்கு. இதுதான் பிஎஸ்2, ஐபிஎம் 1987ல கொண்டு வந்தது. சிஸ்டம் பழசுங்கறதுக்காக மவுஸும் பிஎஸ்2லதான் வேணும்னு சிலர் தேடி அலையறாங்க, தேவையே இல்ல. எக்ஸ்பி காலத்து மதர்போர்டுல யூஎஸ்பி கண்டிப்பா இருக்கும், சாதா யூஎஸ்பி மவுஸை அப்படியே சொருகலாம், டிரைவர் சிடியெல்லாம் வேண்டாம், விண்டோஸ் 98லயே அதுக்கான சப்போர்ட் உள்ள வந்துடுச்சு. பிஎஸ்2 மவுஸ் வேணுங்கறது யூஎஸ்பி போர்ட்டெல்லாம் செத்துப்போன மதர்போர்டுக்கும், அதைவிட பழைய மெஷினுக்கும்தான்.

அப்படி பிஎஸ்2தான் வேணும்னு ஆயிடுச்சுன்னா அடுத்து மாட்டறது அந்தக் குட்டி பச்சை கன்வெர்ட்டர்ல. ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் வட்ட பின், விலையும் கம்மி, வாங்கிட்டா எந்த மவுஸையும் மாட்டிடலாம்னு நினைச்சிடுவோம். அதுக்குள்ள சிப் எதுவும் கிடையாது, வெறும் ஒயர்தான், இந்தப் பின்லேர்ந்து அந்தப் பின்னுக்கு. மவுஸுக்குள்ள இருக்கற சிப்புக்கே பிஎஸ்2ல பேசத் தெரிஞ்சிருந்தாதான் அது வேலை செய்யும். முன்னாடி மவுஸ் டப்பாவுக்குள்ளயே அந்த கன்வெர்ட்டரைப் போட்டுக் குடுப்பாங்க, அந்த மவுஸுக்கெல்லாம் ரெண்டும் தெரியும். இப்ப வர்ற நிறைய மவுஸுக்குத் தெரியாது, மாட்டினா லைட் மட்டும் எரியும், கர்சர் அசையாது, கடைக்காரர் போர்ட் போயிடுச்சு சார்னு சொல்லிடுவார். அதனால கன்வெர்ட்டரைத் தனியா வாங்காதீங்க, நேரா பிஎஸ்2 பின்னோட வர்ற மவுஸாவே கேட்டு வாங்குங்க. வாங்கினதை சிஸ்டம் ஓடிக்கிட்டிருக்கும்போது சொருகவும் கூடாது, யூஎஸ்பி மாதிரி அது உடனே எடுத்துக்காது, சில பழைய மதர்போர்டுல ஃபியூஸே போயிடும். ஆஃப் பண்ணிட்டு மாட்டுங்க.

ஒயர்லெஸ் பத்தி ரெண்டு வார்த்தை. டாங்கிள், அதாவது யூஎஸ்பில சொருகற குட்டி ரிசீவர் வச்ச 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ் பிரச்சனை இல்ல, சிஸ்டத்துக்கு அது சாதா யூஎஸ்பி மவுஸ் மாதிரிதான் தெரியும். ப்ளூடூத் மட்டும் வேண்டாம். இப்ப வர்ற ப்ளூடூத் மவுஸ்ல நிறைய லோ எனர்ஜி வகை, அதுக்கு விண்டோஸ் 8லேர்ந்துதான் சப்போர்ட், விண்டோஸ் 7ல அடாப்டர் வாங்கி மாட்டினாலும் ஜோடி சேராம மல்லுக்கட்டணும். டாங்கிளை இரும்பு கேபினெட்டுக்குப் பின்னாடி சொருகிட்டு கர்சர் துள்ளுதுன்னு புலம்பறவங்களும் உண்டு, முன்பக்க போர்ட்ல மாத்திப் பாருங்க.

அப்புறம் டிபிஐ, அதாவது மவுஸை ஒரு இஞ்ச் நகத்தினா கர்சர் எத்தனை பிக்சல் நகரும்ங்கற கணக்கு. டப்பாவுல 3200, 6400ன்னு பெருசா போட்டிருப்பான். உங்க மானிட்டர் அகலம் 1366 பிக்சல்னு வைங்க, 800 டிபிஐ மவுஸை ரெண்டு இஞ்சுக்கும் கம்மியா நகத்தினாலே கர்சர் இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் போயிடும். 3200ன்னா அரை இஞ்ச் கூட வேண்டாம், எக்ஸெல்ல ஒரு கட்டத்துல நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடும். 800, 1000 தாராளம். பளபளன்னு லைட் எரியற கேமிங் மவுஸ் வாங்கினா அதோட சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸ் 10 கேக்கும், காசு குடுத்த பட்டனையெல்லாம் செட் பண்ணவே முடியாது. கம்மி விலை மவுஸ்ல காசு போக வேண்டிய இடம் கிளிக் சுவிட்சும் ஒயரும்தான், எது போனாலும் மவுஸ் குப்பைக்குத்தான்.

மேஜையில இடமே இல்லாதவங்க, மணிக்கட்டு வலி இருக்கறவங்க டிராக்பாலுக்கு, அதாவது மவுஸை நகத்தாம அதுல இருக்கற பந்தை விரலால உருட்டற வகைக்குப் போகலாம், நல்ல யோசனைதான். ஆனா புதுசு சில ஆயிரம் ஆகும், அதனால பழசைத் தேடுவாங்க, தப்பு அங்கதான் நடக்கும். கட்டைவிரல்ல உருட்டற லாஜிடெக் எம்570 வலது கைக்கு மட்டும்தான், இடது கைக்காரங்க வாங்கிட்டு அப்புறம் முழிக்கக் கூடாது. அதே லாஜிடெக்கோட டிராக்மேன் மார்பிள் ரெண்டு கைக்கும் ஒத்துவரும், ஆனா ஸ்க்ரோல் வீலே கிடையாது, நாள் முழுக்க பெரிய பெரிய ஷீட்டை மேல கீழ தள்றவங்களுக்கு அது தண்டனை. பால் கரகரன்னு உருளுதுன்னு பாதி விலைக்குத் தள்ளிவிடறவங்ககிட்ட தைரியமா வாங்கலாம். பாலை வெளிய எடுத்தா அது உக்கார்ற மூணு குட்டிப் புள்ளியிலயும் அழுக்கு கட்டியிருக்கும், துடைச்சா முடிஞ்சது. பட்டன் போனதை மட்டும் தொடாதீங்க.

பட்டன் போச்சான்னு கடையிலயே பாத்துடலாம். நோட்பேட்ல நாலு பாரா இருக்கற ஃபைலைத் திறந்து மேலேர்ந்து கீழ வரைக்கும் பட்டனை விடாம மெதுவா இழுத்து செலக்ட் பண்ணுங்க, நடுவுல செலக்‌ஷன் விட்டுப்போனா சுவிட்ச் தேஞ்சிருக்கு. ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு தடவை கிளிக் பண்ணுங்க, தானா திறந்துக்கிட்டா அதுவும் அதே கேஸ்தான். ஸ்க்ரோலைக் கீழ உருட்டும்போது பக்கம் திடீர்னு மேல குதிச்சா வீல் போயிடுச்சுன்னு அர்த்தம், அப்படியே வச்சிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்க.