சாதா சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மோட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எத்தனை ஆம்ஸ் இழுக்கும் என்று கேட்டால் இன்னும் உருப்படியான பதில் கிடைக்கும். 36 வோல்ட், 250 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய செட்டோடு பெரும்பாலும் 14, 15 ஆம்ஸ் கன்ட்ரோலர்தான் வரும். சிக்னலில் நின்று கிளம்பும்போது பேட்டரியிலிருந்து 36 × 15, அதாவது 540 வாட் போகும். பேட்டரி, அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், ஒயர், ஃபியூஸ் எல்லாவற்றையும் இந்த 15 ஆம்ஸை வைத்தே முடிவு செய்யுங்கள்.

250 வாட் போதுமா? ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்றால், சமதரையில் 25 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் 175 வாட் அளவு போதும். அதில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே போகிறது. மேம்பாலம் போல 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் இடத்தில் 15 கி.மீ. வேகத்துக்கே 260 வாட் வேண்டும். கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் ஏறிவிடும். ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி நீண்ட ஏற்றத்துக்கு, சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் சரிவராது. அதற்குக் கியர் மாற்ற வழியில்லை. வேகம் குறையக் குறைய, போகும் கரன்ட் சூடாக மாறும். அங்கே வண்டியின் கியரையே பயன்படுத்தும், பெடல் அச்சில் பொருத்தும் மிட் டிரைவ்தான் வழி. இந்தியாவில் சட்டம் கோடு போடுவதும் 250 வாட், 25 கி.மீ.யில்தான். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ் எல்லாம் கூடவே வரும்.

ஊருக்குள் ஓட்ட, உள்ளே பல்சக்கரம் உள்ள சிறிய ஹப் மோட்டாரே எங்கள் தேர்வு. எடை 3 கிலோவை ஒட்டி இருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் இழுவை இல்லாமல் மிதிக்கலாம். உள்ளே இருப்பது நைலான் பல். 36 வோல்ட் மோட்டாருக்கு 48 வோல்ட் கொடுத்து வேகம் பார்ப்பவர்கள் கழற்றிப் பார்க்கும்போது பல் மழுங்கியிருக்கும்.

ஆர்பிஎம்மையும் பார்த்து வாங்குங்கள். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 200 சுற்று. ஆள் ஏறினால் சுற்று குறையும் என்பதால், வெறும் ஓட்டத்தில் 230 முதல் 250 வரை ஓடுவதாகப் பாருங்கள். 20 அங்குல மடக்கு சைக்கிளுக்கான 300க்கு மேற்பட்ட மோட்டாரை 26இல் போட்டால் கிளம்பவே திணறும்.

பொருத்தும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்சக்கர மோட்டாருக்கு, சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவையான போர்க்கின் இடைவெளி 100 மி.மீ. வேண்டும். அதன் ஆக்சில் இரு பக்கமும் தட்டையாக, 10 மி.மீ. அகலத்தில் இருக்கும். பழைய இரும்புப் போர்க்கில் ஆக்சில் உட்காரும் காடி இதைவிடக் குறுகலாக இருந்தால் அரம் வைத்து ராவலாம். அலுமினியப் போர்க்கில், அதிலும் ஷாக் உள்ளதில், முன் மோட்டாரே வேண்டாம்; காடி உடைந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றுவிடும். எந்தப் போர்க்கானாலும், ஆக்சில் சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற பட்டையைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சில் காடிக்குள் சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். கம்பி பிரேக் வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கம் பிடிப்பதால், புது ரிம்மோடு பிரேக்கையும் மாற்ற வேண்டிவரும். பழைய ரிம்மிலேயே மோட்டாரைக் கோக்க நினைத்தால் ஸ்போக் துளையை எண்ணுங்கள். மோட்டாரில் பெரும்பாலும் 36. பழைய வண்டிகளில் முன்னே 32, பின்னே 40.

இனி பேட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி மூன்று போட்டால் விலை குறைவுதான், ஆனால் எடை 7 கிலோ. அந்த 7 ஆம்பியர்-அவர் என்ற கொள்ளளவு 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. சைக்கிளின் இழுவைக்குப் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் தரும்.

நம் ஊர் வெயிலுக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) நல்லது. 32700 அளவு, 6 ஆம்பியர்-அவர் செல் 24 வாங்கி, இரண்டிரண்டாக இணையாகச் சேர்த்து, அந்த ஜோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக 12 வரிசை போட்டால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-அவர், 460 வாட்-அவர். நின்று நின்று போகும் ஊர்ப் போக்குவரத்தில் கி.மீ.க்கு 12 வாட்-அவர் என்று வையுங்கள். 80 சதவீதம் மட்டும் இறக்கினால் 30 கி.மீ. கிடைக்கும். 15 ஆம்ஸ் இழுத்தாலும் ஒரு செல்லுக்கு 7.5தான், அலுங்காது. இதே இழுவையை 2.6 ஆம்பியர்-அவர் 18650 செல்லில் (சிறிய லித்தியம் அயன் செல்) இரண்டு இணை மட்டும் உள்ள மலிவு பேக்கில் எடுத்தால், செல் திறனைப் போல் மூன்று மடங்கு கரன்ட் போகும். ஏற்றத்தில் வோல்ட் சரிந்து வண்டி அணைவது இதனால்தான். 18650 என்றால் 10 வரிசை, குறைந்தது 4 இணை. பழைய லேப்டாப் செல் வேண்டவே வேண்டாம்.

இணைக்கும் முன் எல்லாச் செல்லையும் மீட்டரில் பாருங்கள். ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நிக்கல் பட்டையில் கலப்படம் அதிகம். ஒரு துண்டைக் கீறி, உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போடுங்கள். கீறலில் துரு கட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, சூடாகும். செல்லில் நேரடியாக ஈயப் பற்று வைக்காமல் ஸ்பாட் வெல்டிங்கே செய்யுங்கள். பிஎம்எஸ் 25 ஆம்ஸ், எல்எஃப்பிக்கு உரியது. சார்ஜர் 43.8 வோல்ட். 10 வரிசை லித்தியம் அயனுக்கு 42 வோல்ட் சார்ஜர். இரண்டையும் மாற்றிக் குத்தாதீர்கள். ஃபியூஸ் 20 ஆம்ஸ், பேட்டரியின் பிளஸ்ஸை ஒட்டியே. பேட்டரி ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு.

முதலில் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். வெட்டி வெட்டிச் சுற்றினாலோ, வெறும் ஓட்டத்திலேயே பல ஆம்ஸ் இழுத்தாலோ, கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடி ஒயரின் வரிசை தப்பு. மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சரைச் சோதிக்க, கறுப்பு ஒயருக்கும் மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இடையே மீட்டர் வைத்துச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முன்பக்கம் சுற்றினால் உள்ளே பிரீவீல் நழுவும், மோட்டார் நகராது. முள் 0க்கும் 5க்குமாகத் தாவ வேண்டும். ஏதாவது ஒன்று அசையாமல் நின்றால் அந்த சென்சர் போச்சு.

ஆக்சிலிலிருந்து வரும் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள், மழைத்தண்ணீர் ஒயர் வழியே ஹப்புக்குள் போகாது. வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாடிப்படி, வாசல் ஓரத்தில் சார்ஜ் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.