கிரீட் தீவில் ஐந்து நாள்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை நெருங்கும்போது நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் தங்கள் கிரீட் பயணத்திட்டத்தை எனக்கு அனுப்பி, ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆட்கள் மாறினாலும் திட்டங்களில் உள்ள பிழைகள் மாறுவதில்லை என்பதால் அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கடவுச்சீட்டின் காலாவதித் தேதி, வெயில் களிம்பு, தொப்பி போன்றவற்றைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. அவற்றை வீட்டில் இருக்கும் பெரியவர்களே நினைவூட்டிவிடுவார்கள்.

தீவு என்றாலே சிறியது என்று எண்ணுவது

கிரீட் கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு. மத்தியதரைக் கடலில் சிசிலி, சார்டினியா, சைப்ரஸ், கோர்சிகா ஆகிய நான்கு மட்டுமே அதைவிடப் பெரியவை. மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனை வரை சுமார் 260 கிலோமீட்டர் நீளமும், அகலமான இடத்தில் 60 கிலோமீட்டரும் கொண்ட இந்தத் தீவின் முதுகெலும்பாக மூன்று மலைத்தொகுதிகள் நிற்கின்றன. அவற்றில் இரண்டு 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. கைப்பேசித் திரையில் இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடும் படத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரிவதில்லை.

ஒரு குடும்பம் எனக்கு அனுப்பிய திட்டம் இந்தத் தவறுக்கு நல்ல மாதிரி. விமானக் கட்டணம் குறைவாக இருந்ததால் தீவின் நடுப்பகுதியில் உள்ள ஹெராக்லியோன் நகருக்குச் சீட்டு வாங்கி, அங்கேயே ஐந்து இரவுகளுக்கும் ஒரே விடுதியைப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகுதான் பார்க்க வேண்டிய இடங்களைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். முதல் நாள் நாசோஸ் அரண்மனை, இரண்டாம் நாள் எலாஃபோனிசி கடற்கரை, மூன்றாம் நாள் வாயி பேரீச்சங்காடு, நான்காம் நாள் சமரியா பள்ளத்தாக்கு என்று அட்டவணை அழகாகத்தான் இருந்தது. ஆனால் எலாஃபோனிசி தீவின் தென்மேற்கு மூலையிலும், வாயி வடகிழக்கு மூலையிலும் இருக்கின்றன. ஹெராக்லியோனிலிருந்து ஹனியா நகரம் சுமார் 140 கிலோமீட்டர். அங்கிருந்து எலாஃபோனிசிக்கு மேலும் 75 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் ஆகும் என்றும், விடுதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள் என்றும் எழுதினேன். பணம் திரும்பக் கிடைக்காத பதிவு என்று பதில் வந்தது.

அவர்கள் அந்தத் திட்டத்துடனேயே போனார்கள். காலை உணவை முடித்துக் கிளம்பி, நண்பகல் நெருங்கும்போது எலாஃபோனிசியை அடைந்து, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மணலில் குழந்தைகள் விளையாடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, இருட்டுவதற்குள் மலையைக் கடக்க வேண்டுமே என்று அவர்களை அழ அழக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் யாருக்கும் காரில் ஏற மனம் வராததால் வாயி கைவிடப்பட்டது. சமரியாவுக்கு விடியுமுன் எழுந்து ஹனியா வரை போக வேண்டியிருந்ததால் அதுவும் கைவிடப்பட்டது. ஐந்து நாளுக்கு வாடகை கொடுத்த கார் இரண்டு நாள் விடுதி வாசலில் நின்றது. எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் தருவது, திரும்பி வந்து அவர்கள் சொன்ன தீர்ப்புதான்: கிரீட் அலைச்சல் பிடித்த இடமாம்!

வடக்குக் கடற்கரையை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலைதான் தீவின் ஒரே விரைவான வழி; அதுவும் பல இடங்களில் திசைக்கு ஒரே ஒரு தடம்தான் கொண்டது. மெதுவாகப் போகிறவர் பாதி வண்டியைச் சாலையோரப் பட்டைக்குள் இறக்கிக்கொண்டு பின்னால் வருபவருக்கு வழிவிடுவது அங்கே எழுதப்படாத விதி. தெற்குக் கடற்கரையிலோ தொடர்ச்சியான சாலையே இல்லை. லூத்ரோ போன்ற ஊருக்குப் படகிலோ கால்நடையாகவோதான் போக முடியும். ஆகவே தெற்கில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே, மலையேறி வடக்குச் சாலை வரை வந்து மீண்டும் மலையிறங்க வேண்டியிருக்கலாம்.

வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இதற்கு வழி. முதலில் தீவின் எந்தப் பகுதி என்பதை முடிவு செய்யுங்கள், பிறகு விமான நிலையம், கடைசியில் விடுதி. கடற்கரைகளும் சமரியாவும் பழைய வெனிஸ் காலத் துறைமுகமும் வேண்டுமென்றால் மேற்கு, அதாவது ஹனியா. நாசோஸ், ஃபைஸ்டோஸ் ஆகிய பழங்கால அரண்மனைகள், தொல்பொருள் அருங்காட்சியகம் என்றால் நடுப்பகுதி, அதாவது ஹெராக்லியோன். ஸ்பினலோங்கா கோட்டைத் தீவும் வாயியும் என்றால் கிழக்கே அகியோஸ் நிக்கோலாவோஸ் அல்லது சித்தியா. ஹனியாவுக்கும் ஹெராக்லியோனுக்கும் தனித்தனி விமான நிலையங்கள் இருப்பதால், ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி சீட்டு வாங்கலாம். ஐந்து இரவு என்றால் ஹனியாவில் நான்கு, ஹெராக்லியோனில் ஒன்று என்று பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். இரு நகரங்களுக்கும் இடையே பேருந்து அடிக்கடி ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். கிழக்கு விட்டுப்போகிறதே என்றால், ஆம், விட்டுப்போகத்தான் செய்யும்.

சமரியாவுக்குச் சொந்தக் காரில் போவது

சமரியா நடை ஓமலோஸ் மேட்டுநிலத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, அகியா ரூமேலி என்ற கடலோர ஊரில் முடிகிறது. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து படகில் ஹோரா ஸ்ஃபாகியோனுக்கோ சூயாவுக்கோ போய்த்தான் பேருந்து பிடிக்க வேண்டும். காரை மேலே நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கியவர், மாலையில் கடலோரத்தில் நின்றுகொண்டு மலையுச்சியில் இருக்கும் காரை எப்படி மீட்பது என்று யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஹனியாவிலிருந்து ஓமலோஸுக்குப் பேருந்தில் போய், மாலையில் படகும் பேருந்துமாகத் திரும்புவதே சரி. கடைசிப் படகின் நேரத்தை முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். இறக்கம்தானே என்று அலட்சியமாக இருந்தால் முழங்கால் மறுநாள் பதில் சொல்லும். பாதை பொதுவாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும்; கடும் வெப்பமோ மழையோ இருந்தால் அந்தக் காலத்திலும் மூடிவிடுவார்கள்.

வாடகைக் காருக்கான காப்பீட்டை வாசிக்காமல் கையெழுத்திடுவது

"முழுக் காப்பீடு" என்று எழுதியிருந்தாலும், மண்பாதையில் ஏற்படும் சேதம், டயர், வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. பாலோஸ் கடற்கரைக்குப் போகும் கடைசி 8 கிலோமீட்டர் அப்படிப்பட்ட மண்பாதை. என் நண்பர் ஒருவர் அங்கே டயரைக் கிழித்துக்கொண்டு, காப்பீடு இருக்கிறதே என்ற நிம்மதியில் திரும்பி வந்து, முழுத் தொகையையும் தன் கைப்பணத்திலிருந்து கட்டினார். கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து பாலோஸுக்குப் படகு இருக்கிறது. இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் வருபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

சான்டோரினியை ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது

வேண்டாம். அது வடக்கே உள்ள வேறொரு தீவு; விரைவுக் கப்பலிலேயே ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம்.

படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைப்பது

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று வலுத்தால் படகுகள் ரத்தாகும். முதல் இரண்டு நாளுக்குள் வைத்தால் மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.

நாசோஸுக்கு நண்பகலில் போவது

பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் 1900இல் தோண்டத் தொடங்கிய இந்த இடத்தில் நிழல் மிகக் குறைவு. சிவப்புத் தூண்களில் பலவும் மேல்தளங்களும் அவர் காலத்தில் கான்கிரீட் கொண்டு மீட்டுக் கட்டியவை. சுவரில் தெரியும் ஓவியங்களும் நகல்களே. மூலங்கள் ஹெராக்லியோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. வாசல் திறக்கும் நேரத்தில் நாசோஸை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டால் உடலும் பிழைக்கும், கண்ணில் பட்டதற்குப் பொருளும் புரியும். இந்த ஒரு நாளுக்குக் கார் தேவையில்லை, நகரப் பேருந்தே போகிறது.

மூன்று வேளை உணவும் விடுதியிலேயே என்று பணம் கட்டுவது

சைவ உணவுக்காரர்கள் பயந்துபோய்ச் செய்யும் செலவு இது. கிரீட்டில் அந்தப் பயம் தேவையற்றது. வாற்கோதுமை ரஸ்கின் மேல் தக்காளியும் மிசித்ரா பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துத் தரும் டாக்கோஸ், வேகவைத்த காட்டுக்கீரையான ஹோர்த்தா, மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா ஆகியவை அநேகமாக எல்லா ஊர்ச் சிற்றுணவகங்களிலும் கிடைக்கும். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே அரிசி அடைத்துச் செய்யும் கெமிஸ்டாவில் மட்டும் சில இடங்களில் கொத்துக்கறியும் சேர்ப்பதுண்டு என்பதால், கேட்டுவிட்டு வாங்குங்கள். சாப்பாடு முடிந்ததும் நீங்கள் கேட்காமலே பழத்தட்டும் சிறு குப்பியில் ராக்கி என்ற உள்ளூர் மதுவும் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். பொதுவாக அவை கணக்கில் சேர்வதில்லை. காரை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர் பழத்துடன் நிறுத்திக்கொள்ளட்டும்.