ஜப்பானியப் பேட்டர்ன் தாளிலிருந்து தொய்வு மடிப்பு உடை தைக்கும் முறை

ஜப்பானியத் தையல் புத்தகம் ஒன்றில் தோளிலிருந்து அலையலையாக இறங்கும் மேற்சட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் மடித்து வைத்திருக்கும் பேட்டர்ன் தாளை, அதாவது துணியை வெட்டுவதற்கான வடிவங்கள் அச்சிட்ட தாளை, விரிப்பவர், அந்தச் சட்டையின் சாயலைத் தாளில் எங்கும் காண மாட்டார். முன்பக்கம் என்று எழுதியிருக்கும் துண்டு ஒரு பக்கம் வீங்கியும் மறுபக்கம் நீண்டும் ஏதோ ஒரு தீவின் வரைபடம்போல் கிடக்கும். கழுத்து எது, கைக்குழி எது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. இத்தகைய வடிவங்களைப் பெரும்பாலும் பொம்மை உருவத்தின்மேல் துணியைப் போட்டு, மடித்து, ஊசி குத்தி உருவாக்கிய பிறகோ, அடிப்படைச் சட்டையின் பேட்டர்னைப் பல இடங்களில் வெட்டி விரித்த பிறகோதான் தட்டையாக்கித் தாளில் பதிக்கிறார்கள். ஆகவே சாதாரணச் சட்டையைத் தைப்பதுபோல் உருவத்தைப் பார்த்துக்கொண்டு தைக்க இயலாது; குறிகளை நம்பியே தைக்க வேண்டும். இயந்திரத்தின் முன் உட்காரும் நேரம் இதில் குறைவு. தாளிலும் வெட்டும் மேசையிலும் செய்யும் வேலையே உடையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

டோக்கியோவில் ஷிஞ்சுகு ரயில் நிலையத்துக்கு அருகே, ஆடை வடிவமைப்பாளர்களான கென்ஸோ தகாடாவும் யோஜி யமமோட்டோவும் படித்த புன்கா ஃபேஷன் கல்லூரி இருக்கிறது. அதன் பதிப்பகமும் வேறு பல பதிப்பகங்களும் வெளியிடும் தையல் புத்தகங்களுக்கு ஏறத்தாழ ஒரே இலக்கணம் உண்டு என்பதால், ஒன்றைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றவற்றையும் மொழி தெரியாமலேயே படித்துவிடலாம். எல்லா அளவுகளும் சென்டிமீட்டரில் இருக்கும். ஒரே பெரிய தாளின் இரு பக்கங்களிலும் பல உடைகளின் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டிருப்பார்கள். அதை வெட்டக் கூடாது, வேறு தாளில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தாள்களில் தையலுக்கான கூடுதல் இடம் சேர்க்கப்பட்டிருக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களின் துணி வீணாவதற்கு இந்த ஒன்றே போதும்.

படியெடுப்பதற்கு பட்டர் பேப்பர் வசதியானது. தைக்கப்போகும் உடையின் துண்டுகள் தாளில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, உங்கள் அளவுக்கான கோட்டை மட்டும் ஒரு வண்ணப் பென்சிலால் மேலோட்டமாகத் தொடர்ந்து வரைந்துகொண்ட பிறகு பட்டர் பேப்பரை மேலே விரித்தால், பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடும் அபாயம் இருக்காது. தொய்வு உடையின் துண்டுகள் மிகப் பெரியவை என்பதால், சில சமயம் ஒரே துண்டை இரண்டாகப் பிரித்துத் தாளின் இரு மூலைகளில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஒட்டிச் சேர்க்க வேண்டும் என்பதற்கான குறி விளிம்பில் இருக்கும். அதைக் கவனிக்காமல் பாதித் துண்டை முழுத் துண்டு என்று எண்ணி வெட்டுவது எளிது. படியெடுத்த துண்டுகளின் எண்ணிக்கையை, துணியின்மேல் அவற்றை எப்படி அடுக்குவது என்று காட்டும் சிறு படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறிகளில் ஐந்தாறைத் தெரிந்துகொண்டால் போதும். இரு முனையிலும் அம்பு போட்ட நேர்கோடு பாவு இழையின் திசை. அது துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு விளிம்பின் அருகே ‘வா’ என்று ஒலிக்கும் ஒற்றை ஜப்பானிய எழுத்து இருந்தால், அந்த விளிம்பைத் துணியின் மடிப்பில் வைத்து வெட்ட வேண்டும். நெளிகோடு சுருக்கத்தைக் குறிக்கும். விளிம்பில் குறுக்கே போட்ட சிறு கோடுகள் இரு துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளிகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது மடிப்புக் குறி: இரண்டு கோடுகளுக்கு நடுவே சாய்கோடுகள் போட்டிருக்கும். அந்தச் சாய்கோடுகளின் உயர்ந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கிருந்து தாழ்ந்த முனையின் பக்கமாகத் துணியை மடிக்க வேண்டும். இதைத் திருப்பி மடித்தாலும் நீளமும் அகலமும் சரியாகத்தான் வரும், ஆனால் தொய்வு எதிர்த்திசையில் விழுந்து உடையே அந்நியமாகிவிடும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது 7, 9, 11, 13 என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம்; அவை எந்த உடலளவையும் நேரடியாகக் குறிப்பவை அல்ல. ஜப்பானியத் தர அளவில் 9 என்பது 83 செ.மீ. மார்புச் சுற்றும் இடுப்புக்குக் கீழே மிக அகன்ற பகுதியில் (ஹிப்) 91 செ.மீ. சுற்றும் உள்ள, 158 செ.மீ. உயரமுள்ள உடலுக்கு உரியது. 11-க்கு மார்பு 86, 13-க்கு 89. புத்தகத்துக்குப் புத்தகம் ஓரிரு சென்டிமீட்டர் மாறலாம் என்பதால் அந்தந்தப் புத்தகத்தின் அட்டவணையையே இறுதியாகக் கொள்ள வேண்டும். பல புத்தகங்கள் 13-உடன் நின்றுவிடுவதால் நம்மில் பலருக்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் இவ்வகை உடைகளில் தளர்வு தாராளமாக இருக்கும். ஆகவே உடலளவை மட்டும் பார்க்காமல், தைத்து முடித்த உடையின் மார்புச் சுற்று, நீளம் என்று தனியாகக் கொடுத்திருக்கும் எண்களையும் பாருங்கள், 95 செ.மீ. மார்புள்ளவருக்கு 13-ஆம் அளவே போதுமாக இருக்கக்கூடும். எனினும் தோள் அகலம், கைக்குழி ஆழம், மேற்கையின் சுற்றளவு ஆகிய மூன்றும் தளர்வால் சரியாவதில்லை. அவற்றை நன்றாகப் பொருந்தும் உங்கள் பழைய சட்டையோடு ஒப்பிடுங்கள்.

அளவைக் கூட்ட வேண்டியிருந்தால் மடிப்புகள் இருக்கும் பகுதியில் கை வைக்காதீர்கள். மடிப்புக்கு ஒதுக்கிய துணியிலிருந்து ஒரு சென்டிமீட்டரை எடுத்து உடலுக்குக் கொடுத்தாலும் தொய்வின் விழுச்சி மாறிவிடும். மடிப்புக் குறி எதுவும் கடக்காத பக்கத் தையலில் முன்னும் பின்னும் ஒரே அளவு கூட்டுவதும், நீளம் வேண்டுமானால் பாவு இழைக் கோட்டுக்குச் செங்குத்தாகத் தாளை வெட்டி விலக்கி ஒட்டுவதும் பாதுகாப்பானவை. இடமும் வலமும் ஒத்திராத துண்டுகளில் பக்கத் தையல் எது என்பதே விளங்காமல் போகலாம். அப்போது தாளிலேயே மடிப்புகளை மடித்து, விளிம்புகளைச் செலோடேப்பால் ஒட்டி, அந்தத் தாள் சட்டையை உடம்பின்மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். தாளில் சட்டை செய்வதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணித் தவிர்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்த வகைத் தையலில் தவிர்க்கவே கூடாத படி இதுதான்.

தையலுக்கு விடும் இடத்தைச் சேர்க்கும் முறையும் இங்கே சற்று வேறுபடுகிறது. பொதுவாக ஓரங்களில் 1 செ.மீ., வளைந்த கழுத்துப் பகுதியில் 0.7 முதல் 1 செ.மீ., கீழ் ஓரத்தில் 2 முதல் 3 செ.மீ. என்று விடலாம், துணியடுக்கும் படத்தில் ஒவ்வோர் ஓரத்துக்கும் எண் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். மடிப்பு போய் முடியும் ஓரத்தில் மட்டும், முதலில் பட்டர் பேப்பரைக் குறியின்படி மடித்துப் பிடித்துக்கொண்டு, மடித்த நிலையிலேயே தையல் கோட்டுக்கு வெளியே கூடுதல் இடத்தை வரைந்து வெட்ட வேண்டும். விரித்துப் பார்த்தால் அந்த ஓரம் பல் பல்லாகத் தெரியும். அதுவே சரியான வடிவம். நேராக வெட்டிவிட்டால், மடித்த பின் உள்ளே இருக்கும் துணி தையலுக்கு எட்டாமல் நழுவிவிடும்.

துணி விஷயத்தில் சிக்கனம் உதவாது. கெட்டியான பாப்ளின் காட்டனில் இந்த மடிப்புகள் விழாமல் விறைத்து நிற்கும். ரேயான், மோடல், கிரேப், மெல்லிய ஜெர்சி, ஜார்ஜெட் ஆகியவையே தொய்வுக்கு ஏற்றவை. கடையில் துணியின் ஒரு மூலையைப் பிடித்து அரை மீட்டர் தொங்கவிட்டுப் பாருங்கள்: கூம்பாக விரிந்து நின்றால் வேண்டாம், நெருங்கிய நெளிவுகளாகச் சரிந்தால் வாங்கலாம். பின்னல் துணிக்கென்று வரைந்த பேட்டர்னை நெய்த துணியில் தைக்க முயல வேண்டாம்; பட்டன், ஜிப் எதுவும் இல்லாத அந்தச் சட்டைக்குள் தலை நுழையாது. பேட்டர்ன் கேட்கும் துணி அகலம் 140 செ.மீ.க்கு மேல் இருந்து, கையில் இருப்பது 110 செ.மீ. அகலமானால் பெரிய துண்டு அதில் அடங்காது. அப்போது மடிப்பின் உட்பக்கம் மறைந்திருக்கும் கோடு ஒன்றைத் தேர்ந்து அங்கே ஒட்டுப் போட்டால் வெளியே தெரியாது. ரேயான் நனைத்தால் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

வெள்ளோட்டமாகக் காடாத் துணியில் தைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான் என்றாலும், தொய்வு உடைக்குக் காடா பொய் சொல்லும். அளவைக் காட்டுமே தவிர விழுச்சியைக் காட்டாது. பழைய சிந்தெடிக் புடவை ஒன்று இதற்கு மிகப் பொருத்தம். அதில் பெரிய ஓட்டுத் தையலாகக் கையாலேயே தைத்து, போட்டுப் பார்த்து, கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குனிந்து நிமிர்ந்து சோதித்துக்கொள்ளுங்கள். கவுல் கழுத்து, அதாவது முன்னால் தளர்ந்து மடிந்து தொங்கும் கழுத்து, நாம் நிமிர்ந்து நிற்கும்போது அடக்கமாகத் தெரிந்து குனியும்போது ஏமாற்றிவிடும்.

மடிப்பில் வைக்கச் சொல்லும் துண்டுகளைத் தவிர மற்றவற்றை வெட்டும்போது துணியை இரண்டாக மடிக்காமல், நல்ல பக்கம் மேலாக இருக்கும்படி ஒற்றையாக விரியுங்கள். இடவலம் ஒத்திராத துண்டுகளில் தாள் குப்புற விழுந்தால் கண்ணாடியில் பார்த்த சட்டைதான் கிடைக்கும். ஆகவே படியெடுத்தவுடனே ஒவ்வொரு துண்டிலும் ‘மேல்’ என்று எழுதிவிடுவது நல்லது. துணி மேசை விளிம்பிலிருந்து தொங்கக் கூடாது. தொங்கும் எடை இழையை இழுத்துக் கோணலாக்கும் என்பதால், மேசை சிறிதாக இருந்தால் தரையில் பழைய பருத்திப் போர்வையை விரித்து அதன்மேல் வெட்டுங்கள். வழுக்கும் துணியில் ஊசிகளைவிடக் கனமான பொருள்களைத் தாளின்மேல் வைப்பதே மேல். வெட்டி முடித்ததும், தாளை எடுப்பதற்கு முன்பே எல்லாக் குறிகளையும் துணிக்கு மாற்றிவிட வேண்டும். சேரும் புள்ளிகளில் 3 மி.மீ. ஆழத்துக்குச் சிறு வெட்டு போதும். மடிப்புக் கோடுகளுக்கு மாறுபட்ட நிறத்தில் தளர்வான நூலோட்டம் போடுங்கள். சாக்குக்கட்டிக் குறி பெரிய துண்டைக் கையாளும்போதே உதிர்ந்துவிடும். மடிப்பின் தொடக்கக் கோட்டுக்கு ஒரு நிறமும் அது போய்ச் சேரும் கோட்டுக்கு வேறு நிறமும் வைத்தால், விளக்கப்படத்தை மறுபடி மறுபடி திருப்ப வேண்டியிராது.

தைக்கத் தொடங்கியதும் முதல் வேலை, கழுத்து, தோள், கைக்குழி ஆகிய ஓரங்கள் இழுபடாமல் காப்பது. நெய்த துணியானால் தையல் கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு வரி தைத்துக்கொள்ளலாம். ஜெர்சியானால் தோள் ஓரத்தின் உட்பக்கம் இஸ்திரியால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் பட்டியை 1 செ.மீ. அகலத்தில் ஒட்டலாம். ஜெர்சிக்கு முனை மழுங்கிய ஊசியும் பாலியஸ்டர் நூலும் வேண்டும். மிக மெல்லியதற்கு 9-ஆம் எண் ஊசி, மற்றவற்றுக்கு 11. நேர்த்தையல் இழுக்கும்போது அறுந்துவிடும் என்பதால் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள நுண்ணிய ஜிக்ஜாக் பொருத்தமானது. அடுத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக மடித்து, ஓரத்தில் மட்டும் கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துங்கள். எல்லா மடிப்புகளையும் நிறுத்திய பிறகு அந்த ஓரத்தின் மொத்த நீளம், அதனோடு சேரவேண்டிய எதிர்த்துண்டின் ஓரத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஐந்து மடிப்புகளில் ஒவ்வொன்றும் 2 மி.மீ. தவறினால் ஒரு சென்டிமீட்டர் இடித்துவிடும். நீளங்கள் ஒத்துவந்த பிறகே இயந்திரம்.

கவுல் கழுத்தின் மேல் ஓரம் பெரும்பாலும் தனிப்பட்டி இல்லாமல், துணியே உள்ளே திரும்பி விழும்படி அமைந்திருக்கும். இந்த உள்மடிப்பைக் குறைத்து வெட்டாதீர்கள். அதன் எடைதான் தொய்வைக் கீழே இழுக்கிறது. மிக மெல்லிய துணியில் உள்மடிப்பின் நடுவே தட்டையான சிறு உலோக எடை ஒன்றைத் துணிப் பைக்குள் வைத்துத் தைத்தால் கழுத்து வெளிப்பக்கம் புரளாது.

குறுக்கு இழையில் வெட்டிய உடையானால் கீழ் ஓரத்தை உடனே மடிக்க வேண்டாம். பாவும் ஊடையும் 45 பாகைச் சாய்வில் தொங்கும்போது துணி தன் எடையாலேயே நீண்டு அகலம் குறையும். 1920-களில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மடலேன் வியோனே குறுக்கு வெட்டால் புகழ்பெற்றது துணியின் இந்த இயல்பைத் தன் வசப்படுத்திக்கொண்டதனால்தான். உடையை ஓர் இரவாவது ஹேங்கரில் தொங்கவிட்டு, அடுத்த நாள் அணிந்துகொண்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் மற்றொருவரைக் குறிக்கச் சொல்லி, அதன்பின் வெட்டிச் சன்னமாக மடித்துத் தையுங்கள். ஜெர்சியானால் ஓரத்தை அப்படியே விட்டாலும் பிரியாது. முடிந்த உடைக்கு இஸ்திரி போடும்போது தையல்களின்மேல் மட்டும் பெட்டியை வையுங்கள். தொய்வு விழும் இடங்களில் நீராவியை எட்டவைத்துக் காட்டினால் போதும், பெட்டி துணியைத் தொடக் கூடாது.